கத்தியில்லாமல் பிரியும் குப்பித் தலை

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சுங்க அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். ஜெர்மனியின் தெற்கே, பத்தொன்பது ஆண்டுகளாக நான் வசிக்கும் சிறு நகரம் இது. வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று இங்கே அதிகாரிகளுக்குப் புரியாவிட்டால் அது வீட்டுக்கு வராது. ஒரு கடிதம் வரும். நாம் போய் அவர்கள் கண் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும்.

என் பொட்டலம் பாறசாலையிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவள் என் அக்கா லலிதா. வெள்ளைத் துணியில் வைத்து நெருக்கமாகத் தைத்திருந்தாள். கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் தையலை வெட்டித் திறந்தார். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட குப்பித் தலைகள். சோப்புக் குப்பி, ஷாம்பு குப்பி, உடலில் பூசும் லோஷன் குப்பி இவற்றின் மேல் அழுத்தினால் பீச்சுமே, அந்தத் தலை. எல்லாம் பயன்படுத்தியவை, நன்றாகக் கழுவிக் காயவைத்தவை. ஐந்து கட்டுகளாக ரப்பர் பட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டுச் செருகியிருந்தது.

"இது என்ன?" என்றார்.

"அப்ஃபால்" என்றேன். குப்பை என்று அர்த்தம். குப்பையிலிருந்து எடுத்த பொருள்கள், ஆராய்ச்சிக்காக வந்திருக்கின்றன என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அரசாங்கச் சன்னல் முன்னால் நின்றால் என் ஜெர்மன் முதல் சொல்லிலேயே மூச்சு வாங்கிவிடுகிறது.

அவர் கை அப்படியே நின்றது. இழுப்பறையிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கழிவு இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும். வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை, இல்லை. முஸ்டர். மாதிரிப் பொருள்."

"முதலில் கழிவு என்றீர்கள். இப்போது மாதிரி என்கிறீர்கள். இரண்டில் எது?"

இரண்டும்தான். பாறசாலையில் அக்கா கையில் எடுக்கும்வரை அது கழிவு. என் மேசைக்கு வந்தால் மாதிரி. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவர் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன மொழி?"

"மலையாளம்."

"என்ன எழுதியிருக்கிறது?"

அக்காவோடு வேலை செய்யும் ரோஸம்மா சேச்சியின் கையெழுத்து. 'இதை உண்டாக்கியவன் ஒரு நாள் எங்களோடு வந்து இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார்.

"பிரித்தெடுப்பது கடினம் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து, எதற்காகப் பயன்படுத்தப் போகிறேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு பொட்டலம் என் கைக்கு வந்தது.

ஊரில் கேட்பார்கள், அங்கே உனக்கு என்ன வேலை என்று. இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

2

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து சற்று உள்ளே. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டைக்கு இரண்டும். அக்காவும் நானும் இரண்டே பேர். நான் எஞ்சினியரிங் படித்து, கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு வடிவமைக்கும் வேலை கற்று, அங்கிருந்து இங்கே வந்தேன். அக்கா ஊரிலேயே இருந்தாள். முந்திரி ஆலையில் பல வருஷம் வேலை செய்தாள். ஆலை மூடிய பிறகு, வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரித்துத் தரம் பிரிக்கும் பஞ்சாயத்துப் பெண்கள் குழுவில் சேர்ந்தாள்.

அவள் போனில் அதைச் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. "உனக்கு இந்த வேலை எதுக்கு அக்கா?" என்றேன்.

"வேலையாக்கும் மக்கா. இதுல எதுக்குன்னு கேக்க என்ன இருக்கு?" என்றாள்.

என்னுடைய வேலை குப்பித் தலைகளை வடிவமைப்பது. நான் வேலை செய்யும் கம்பெனி அவற்றை மட்டுமே செய்கிறது. பார்க்க அற்பமான பொருள். ஆனால் உள்ளே எட்டு உறுப்புகள் உண்டு. நான்கு சாதிப் பிளாஸ்டிக், ஒரு எஃகுச் சுருள், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கண்ணாடி உருண்டை. அழுத்தினால் சுருள் சுருங்கும், விட்டால் தலையை மேலே தள்ளும். ஒழுகக் கூடாது, சிக்கக் கூடாது, குழந்தைகள் கழற்றிவிடக் கூடாது. இதையெல்லாம் சோதிக்க எங்களிடம் தனித்தனி மேசைகள் இருந்தன. கடைசி முறை அழுத்திய பிறகு அந்தத் தலைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் மேசை இல்லை.

வீட்டில் நான்கு நிறத்தில் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கிறோம். என் மகள் தாரா தயிர் டப்பாவின் மூடியைக்கூட உரித்துத் தனியாகப் போடுவாள். அந்த ஒழுங்கைப் பார்த்து, நம் பங்கைச் செய்துவிட்டோம் என்று திருப்தியாகத்தான் இருந்தேன். தாராவோடு பேச்சு குறைந்துகொண்டே வந்தது வேறு கவலை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. போனில் அக்கா வந்தால், "நல்லா இருக்கேன் பெரியம்மா" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

3

இரண்டரை வருஷத்துக்கு முன்பு, மேட மாத வெயிலில், அதாவது சித்திரையில், ஈஸ்டர் விடுமுறைக்குத் தாராவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு அப்போது பதினாலு வயது. மூன்றாம் நாளே சலித்துப் போனாள். அக்கா, "எனக்க கூட வாறியா, வேலை எடத்தப் பாக்கலாம்" என்று அவளைக் கூப்பிட்டாள். நானும் போனேன்.

காரக்கோணம் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். பச்சை மேல்சட்டை போட்ட ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். பால் கவர் ஒரு மலை, செருப்பு ஒரு மலை, குப்பிகள் ஒரு மலை. ரோஸம்மா சேச்சியை அங்கேதான் முதலில் பார்த்தேன். ரப்பர்ப் பால் எடுக்கும் குடும்பம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. வலது கையில் கத்தி. குப்பிகளின் தலையை ஒவ்வொன்றாக அறுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைய எதுக்கு அறுக்கணும்?" என்று கேட்டேன்.

"குப்பிய எடுக்க ஆளு உண்டு. தலைய ஒருத்தனும் எடுக்க மாட்டான். உள்ள கம்பி உண்டு, கண்ணாடி உண்டு. இந்தச் சாக்கு அப்பிடியே தீக்குப் போவும்."

சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டையின் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு எண்ணும் ஒரு குறியும். எங்கள் கம்பெனிக் குறி. அந்தக் கழுத்தின் வளைவு நான் வரைந்தது. தாரா மழலையர் பள்ளிக்குப் போன குளிர்காலத்தில் அதற்காக மூன்று மாதம் உழைத்தேன்.

சட்டென்று திரும்பச் சாக்கில் போட்டேன். ஆனால் தாரா பார்த்துவிட்டாள். எங்கள் குளியலறையில் அந்தக் குறியை எத்தனையோ முறை நானே பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அவள் அந்தத் தலையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினாள். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"இது... எங்க அம்மா செஞ்சது."

அவள் குரலில் இருந்தது சந்தோஷம். அதுதான் என்னைச் சுட்டது.

பிரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. அக்கா தரையைப் பார்த்தாள். ரோஸம்மா சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ. நீயாக்கும் அந்த ஆளு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெகுநாள் தேடிய ஒருவரைப் பார்த்துவிட்டது போலச் சொன்னார். பிறகு கத்தியின் பிடியை என் பக்கம் நீட்டினார். "அப்போ ஒண்ணு பிரிச்சுக் காட்டு மக்களே. உண்டாக்கினவளுக்குத் தெரியாம இருக்குமா?"

உட்கார்ந்தேன். எட்டு உறுப்புகளின் பெயரும் எனக்குத் தெரியும். கணினித் திரையில் ஒரு பொத்தானைத் தட்டினால் எட்டும் தனித்தனியாக விலகி வரிசையில் நிற்கும். கையில் அது விலகவில்லை. ஒருமுறை பூட்டினால் கழலாதபடி பட்டையின் உள்ளே பற்கள் வைத்தவளே நான்தான். கத்தி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை பிளாஸ்டிக் விண்டு, எஃகுச் சுருள் துள்ளிப் போய்த் தகரத்தில் மோதியது. கண்ணாடி உருண்டை பால் கவர் மலைக்கு அடியில் ஓடியது. வியர்வை வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மதி, விடு" என்றாள் அக்கா.

"ஒண்ணுக்கே இவ்வளவு நேரம்" என்றார் ரோஸம்மா சேச்சி. "எங்களுக்கு நித்தமும் சாக்குக் கணக்குல வருது, கேட்டியா?"

திரும்பி நடக்கும்போது தாரா எங்களுக்கு முன்னால் தனியாகப் போனாள். அக்கா மெதுவாகக் கேட்டாள். "வெப்ராளப்படாத மக்கா. நீ வேணும்னா செஞ்ச?"

"இல்லக்கா. நெனச்சே பாக்கல."

"நெனச்சா வேற மாதிரி உண்டாக்க முடியுமா?"

யோசித்துத்தான் சொன்னேன். "முடியும்."

"அப்போ நெனை" என்றாள்.

4

திரும்பி வந்ததும் எங்கள் பிரிவின் தலைவர் யூர்கனிடம் பேசினேன். எஃகுச் சுருள் இல்லாமல், ஒரே சாதிப் பிளாஸ்டிக்கில் முழுத் தலையும் செய்யலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல யோசனைதான். ஆனால் வாடிக்கையாளர் யாராவது கேட்டார்களா?" என்றார். எஃகு களைப்படையாது, பிளாஸ்டிக் களைப்படையும் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். கோப்பு மூடப்பட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் லோஷன் செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் கேட்டது: எங்கள் குப்பியை மறுசுழற்சிக்கு எடுக்கிறார்கள், உங்கள் தலையை மட்டும் ஏன் இந்த நாட்டிலேயே எரிக்கிறார்கள்? நான்கு நிறத் தொட்டிகளைத் தாண்டி இங்கேயும் அது தீக்குத்தான் போகிறது என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. யூர்கன் தாமாகவே என் மேசைக்கு வந்து அந்தக் கோப்பைக் கேட்டார்.

அன்று மாலையே, புதுத் தலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் குரலில் பதில் வந்தது. "எழுதிக்கோ. கத்தி வேண்டாம். எல்லாம் ஒரே சாதிப் பிளாஸ்டிக்கா இருக்கணும். கையக் கிழிக்கப்பிடாது. இம்புட்டுதான்." அதை ஜெர்மனில் எழுதி என் வரைபடத்தின் தலைப்பில் ஒட்டினேன். யார் இந்த வாடிக்கையாளர் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். லலிதா என்றேன்.

எஃகுச் சுருளுக்குப் பதில், ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து விரியும் ஒரு பிளாஸ்டிக் உறுப்பு. கண்ணாடி உருண்டைக்குப் பதில் மெல்லிய ஒரு மடல். எட்டு உறுப்பு நான்காகக் குறைந்தது. பட்டையை எதிர்ப்புறம் அழுத்தித் திருகினால் கழலும்படி பற்களை மாற்றினேன். செய்யும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அச்சு ஒவ்வொரு முறை திறக்கும்போதும், உறுப்புகளை இணைத்திருந்த கிளை போன்ற துண்டு உதிர்ந்து தொட்டியில் விழும். நான்கு சாதியும் கலந்துவிடுவதால் அதை எதற்கும் எடுக்க முடியாது. அந்தக் கிளையே உருவாகாதபடி அச்சை வரைந்தோம். சுருளிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற தொட்டியும், அதிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரும் இனி தேவையில்லை என்றானது.

கையால் செய்த இருபது மாதிரிகளைப் பாறசாலைக்கு அனுப்பினேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வாரம் சூட்டில் வைத்துப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்திருந்தார்கள். அக்கா அவற்றைச் சோப்புத் தண்ணீர் நிரப்பிய குப்பிகளில் மாட்டி, கூடத்தின் தகரக் கூரைக்கு அடியில் உயரமான பலகையில் வைத்தாள். கும்பம், மீனம், மேடம் என்று மூன்று மாத வெயில் அதன்மேல் இறங்கியது.

அச்சு வெட்டும் உத்தரவில் கையெழுத்தாக வேண்டிய அதே வாரம், மத்தியானம் வீடியோவில் அக்கா வந்தாள். ஒரு குப்பியின் தலையைத் திருகித் திறந்து அழுத்தினாள். கீழே போனது. மேலே வரவில்லை.

"தலை எழும்பல்ல மக்கா. உறங்கிப்போச்சு."

இருபதில் பதினாலு எழும்பவில்லை.

அந்த ஒரு நாள் நான் பட்ட பாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாறசாலையில் தலைகள் எழும்பாதது இங்கே யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவின் கிடங்குகளில் அந்த வெயில் இல்லை. ஆய்வகத்தின் காகிதம் என் பக்கம் இருந்தது. சொன்னால் திட்டமே நின்றுபோகலாம், சொல்லாவிட்டால் மறுநாள் கையெழுத்து. மேசையில் உட்கார்ந்து அந்தப் பதினாலு குப்பிகளின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாலையில் யூர்கனின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. உத்தரவை நிறுத்தினார். இரண்டு வாரம் தருகிறேன், அதற்குள் வழி இல்லையென்றால் எஃகுக்கே திரும்பலாம் என்றார்.

வழியைச் சொன்னது ரோஸம்மா சேச்சி. மறுநாள் அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "பூட்டி வச்சதுதான் உறங்கிப்போச்சு. பூட்டாத ஆறும் எழும்புது. பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை. கடைக்குப் போகும் வழியில் பீச்சிவிடாமல் இருக்க, தலையைக் கீழே அழுத்திப் பூட்டி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம்; அக்காவையும் அப்படியே பூட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். அப்படிப் பூட்டும்போது துருத்தி மாதக்கணக்கில் மடிந்தே கிடக்கிறது. வெயிலில் அந்த மடிப்பே அதன் வடிவமாகிவிடுகிறது. அவசரத்தில் அக்கா பூட்ட மறந்த ஆறும் தப்பித்தன. அப்படியானால் தலையை உயர்ந்த நிலையிலேயே பூட்ட வேண்டும். துருத்தி ஓய்வாக இருக்கும். ஒன்பது நாளில் வரைந்து முடித்தேன். புது மாதிரிகள் மறுபடியும் அந்தக் கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்தன. மழைக்காலம் போய் மறுபடியும் வெயில் அடித்தது; அதுவரை யூர்கன் உத்தரவை நிறுத்தியே வைத்தார். எல்லாம் எழும்பின.

5

இந்த வசந்தத்தில் அச்சு ஓடத் தொடங்கியது. முதலில் விழுந்த தலை கையில் இன்னும் சூடாக இருந்தது. முதல் பெட்டியில் கொஞ்சம் அக்காவுக்கு அனுப்பினேன். வீடியோவில் ரோஸம்மா சேச்சி ஒன்றை எடுத்தார், அழுத்தித் திருகினார், நான்கும் மடியில் விழுந்தன. குப்பியோடு சேர்த்து ஒரே சாக்கில் போட்டார்.

"கொள்ளாம்" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒரு சொல்தான். அன்று முழுக்க அது போதுமாக இருந்தது.

பெரிதாகச் சொல்ல நான் விரும்பவில்லை. இது ஒரு கம்பெனியின் ஒரு லோஷன். எங்கள் தொழிற்சாலையிலேயே பக்கத்து அச்சுகள் எஃகுச் சுருளோடுதான் ஓடுகின்றன. "இது இங்க எப்போ வரும்?" என்று அக்கா கேட்கிறாள். இங்கே இன்னும் யாரும் அதை முடிவு செய்யவில்லை. ஆனால் அடுத்த மூன்று தலைகளையும் இதே வழியில் மாற்ற யூர்கன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான், ஊரில் கிடைக்கிற எல்லா வகைத் தலைகளையும் சீட்டு எழுதி அனுப்பும்படி கேட்டேன். சுங்க அலுவலகத்தில் என்னை நிறுத்திய பொட்டலம் அதுதான்.

அக்கா என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. காட்டாக்கடைப் பக்கம் தேங்காய் எண்ணெய் புட்டியில் அடைக்கும் சிறு ஆலை ஒன்று உண்டு. அவர்கள் குப்பி முழுவதும் ஒரு நெகிழித் தோலை இறுக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அதை உரிக்காமல் குப்பியை யாரும் எடுக்க மாட்டார்கள். பெண்கள் ஆறு பேரும் சேர்ந்து ஆலை முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அவர் கோபமாகத்தான் வந்திருக்கிறார். உட்காரவைத்து, சாயா கொடுத்து, பத்துக் குப்பிகளை முன்னால் வைத்து உரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது குப்பியில் எழுந்துவிட்டாராம். இப்போது தண்ணீரில் போட்டால் தானாகக் கழன்று வரும் காகிதச் சீட்டு ஒட்டுகிறார்.

"உனக்க ஜெர்மன்காரனுக்கு ரெண்டு வருஷம் வேண்டிவந்துது. இந்த ஆளு மூணு ஆழ்ச்சையில மாத்திப்போட்டான்" என்று அக்கா என்னைச் சீண்டினாள். மூன்று வாரம்! எங்கள் கூட்டம் ஒன்றுக்குத் தேதி குறிக்கவே இங்கே அவ்வளவு ஆகும்.

6

தாராவின் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் இரண்டு வாரம் ஏதாவது ஓரிடத்தில் வேலை செய்து அறிக்கை எழுத வேண்டும். மற்றவர்கள் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் எழுதிப்போட்டார்கள். தாரா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பெரியம்மாவின் கூடத்தைக் குறிப்பிட்டுவிட்டாள்.

பள்ளி முதலில் மறுத்தது. கடல் தாண்டினால் காப்பீடு செல்லாது என்றார்கள். நான் மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில், இலையுதிர்கால விடுமுறையில், எங்கள் சொந்தப் பொறுப்பில் போகலாம், ஆனால் வேலையிடத்தார் படிவத்தை நிரப்பித் தர வேண்டும் என்றார்கள். போனில் ஒவ்வொரு கேள்வியாக அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். மாணவியை மேற்பார்வையிடுபவரின் தகுதி என்ன என்று ஒரு கட்டம்.

"பிரிக்கத் தெரியும்னு எழுது" என்றாள் அக்கா.

அப்படியே எழுதினேன். பள்ளி ஏற்றுக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தாரா தனியாக விமானம் ஏறினாள். இரண்டாம் நாளே அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்று உள்ளுக்குள் பயந்தேன். முதல் நாள் ஜெர்மனில் நீளமாகப் புலம்பி எழுதினாள்: நாற்றம், வியர்வை, ஈ, முதுகுவலி. இரண்டாம் நாள் பாதியளவு வந்தது. மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை. நேற்று பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். பின்னால் பெண்கள் எதற்கோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாராவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

"சாப்பிட்டியா? கைக்கு உறை போட்டிருக்கியா?" என்று தொடங்கினேன்.

"அம்மா, இங்க நெறைய வேலை உண்டு. நான் பெறவு விளிக்கேன், கேட்டியா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பதினாறு வருஷத்தில் அவள் என் பேச்சைத் தமிழில் துண்டித்தது அதுதான் முதல் முறை.